குளூக்கோஸின் இன்னொரு வழி: வாசகர் கேள்வி – பதில்

பென்டோஸ் ஃபாஸ்பேட் வழித்தடம் பற்றிக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள், ரப்பர் விவசாயியும் கேட்டிருக்கிறார், கடல்தொழிலாளியின் மனைவியும் கேட்டிருக்கிறார்.

குளூக்கோஸை உடைக்கும் வழக்கமான வழியான கிளைக்காலிசிஸில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி கிடைக்கிறது. இந்த வழித்தடத்தில் ஒரு ஏடிபி கூடக் கிடைப்பதில்லை. பிறகு செல் எதற்காகக் குளூக்கோஸை இதில் செலவழிக்கிறது? – பி.எஸ்சி. மாணவி, நாகர்கோவில்

ஏடிபி மட்டும் இருந்தால் செல் பிழைத்துவிடாது. கொழுப்பு அமிலம், கொலஸ்டிரால் போன்றவற்றைக் கட்டுவதற்கு ஹைட்ரஜனும் எலெக்ட்ரானும் கொடுக்க ஒரு பொருள் வேண்டும். அதுதான் என்ஏடிபிஎச். டிஎன்ஏ, ஆர்என்ஏ, ஏன் அந்த ஏடிபியின் உடலுக்கே கூட, ரைபோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரை வேண்டும். இந்த இரண்டும் கிளைக்காலிசிஸில் கிடைக்காது. இவற்றுக்காகத்தான் இந்த வழி.

உணவை எரிக்கும்போது கிடைக்கும் என்ஏடிஎச் இருக்கிறதே, அது போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இரண்டுக்கும் அமைப்பில் உள்ள வேறுபாடு ஒரே ஒரு ஃபாஸ்பேட். ஆனால் அந்த ஒரு ஃபாஸ்பேட்டைப் பார்த்துத்தான் நொதிகள் எது தன்னுடையது என்று அடையாளம் காண்கின்றன. நன்றாகத் தீனி தின்ற எலியின் கல்லீரல் செல்லில், சைட்டோசால் என்ற உள்திரவப் பகுதியில், எலெக்ட்ரானை இழந்த என்ஏடி+ க்கும் அதை ஏற்ற என்ஏடிஎச்சுக்கும் உள்ள விகிதம் சுமார் 700. என்ஏடிபி+ க்கும் என்ஏடிபிஎச்சுக்கும் உள்ள விகிதமோ சுமார் 0.014. அதாவது ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், முதல் ஜோடி எரிப்பதற்குத் தயாராகவும் இரண்டாவது ஜோடி கட்டுவதற்குத் தயாராகவும் நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் இந்த இரண்டு வேலையும் பக்கத்துப் பக்கத்தில் நடக்க வழியில்லை.

எந்தத் திசுவில் இந்த வழி சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பார்த்தாலே அதன் பயன் புரியும்: கல்லீரல், கொழுப்புத் திசு, பால் சுரக்கும் மார்பகம், அட்ரீனல் புறணி, விந்தகம், சிவப்பணு. எலும்புத்தசையில் இதன் முதல் பகுதி, அதாவது என்ஏடிபிஎச் தரும் பகுதி, ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தசைக்குத் தேவை ஏடிபி, கொழுப்புக் கட்டுமானம் அல்ல.

படிகளை வரிசையாகச் சொல்லுங்கள். டிரான்ஸ்கீட்டோலேஸ், டிரான்ஸ்ஆல்டோலேஸ் வரும் இடத்தில்தான் எல்லோரும் குழம்புகிறோம். – எம்.எஸ்சி. மாணவர்கள் சிலர், மார்த்தாண்டம்

வழித்தடம் முழுவதும் சைட்டோசாலில் நடக்கிறது. தொடங்கும் பொருள் குளூக்கோஸ்-6-ஃபாஸ்பேட். முதல் பகுதி ஆக்சிஜனேற்றப் பகுதி, மூன்று படிகள் கொண்டது.

முதல் படியில் குளூக்கோஸ்-6-ஃபாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ், சுருக்கமாக ஜி6பிடி, முதல் கார்பனிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து என்ஏடிபி+ க்குக் கொடுக்கிறது. ஒரு என்ஏடிபிஎச் கிடைக்கிறது. சர்க்கரை 6-ஃபாஸ்போகுளூக்கோனோலாக்டோன் ஆகிறது. இரண்டாம் படியில் லாக்டோனேஸ் தண்ணீர் சேர்த்து அந்த வளையத்தைத் திறக்க, 6-ஃபாஸ்போகுளூக்கோனேட் வருகிறது. மூன்றாம் படியில் 6-ஃபாஸ்போகுளூக்கோனேட் டிஹைட்ரஜனேஸ் இரண்டாவது என்ஏடிபிஎச்சை உண்டாக்கி, முதல் கார்பனைக் கார்பன் டைஆக்சைடாக வெளியே தள்ளுகிறது. மிஞ்சுவது ஐந்து கார்பன் கொண்ட ரிபுலோஸ்-5-ஃபாஸ்பேட்.

வெளியேறுவது எப்போதும் முதல் கார்பன்தான் என்பதை மனதில் நிறுத்துங்கள், ஆய்வகத்தில் இது கைகொடுக்கும். ஒரு திசுவுக்கு முதல் கார்பனில் கதிரியக்கக் குறியிட்ட குளூக்கோஸும், அதே திசுவின் இன்னொரு பகுதிக்கு ஆறாம் கார்பனில் குறியிட்ட குளூக்கோஸும் கொடுத்து, குறியிட்ட கார்பன் டைஆக்சைடை அளப்பார்கள். கிளைக்காலிசிஸும் சிட்ரிக் அமிலச் சுழற்சியும் மட்டும் நடந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். முதல் கார்பனிலிருந்து கூடுதலாக வந்தால் அந்தக் கூடுதல் இந்த வழித்தடத்தின் கணக்கு.

அடுத்தது இரண்டாம் பகுதி. ரிபுலோஸ்-5-ஃபாஸ்பேட்டை ஐசோமரேஸ் ரைபோஸ்-5-ஃபாஸ்பேட்டாக மாற்றும்; எபிமரேஸ் சைலுலோஸ்-5-ஃபாஸ்பேட்டாக மாற்றும். இங்கிருந்து பெயர்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துக் கார்பன் எண்ணிக்கையை மட்டும் எழுதிப் பாருங்கள்:

5 + 5 → 3 + 7 (டிரான்ஸ்கீட்டோலேஸ்)
7 + 3 → 4 + 6 (டிரான்ஸ்ஆல்டோலேஸ்)
5 + 4 → 3 + 6 (டிரான்ஸ்கீட்டோலேஸ்)

டிரான்ஸ்கீட்டோலேஸ் இரண்டு கார்பனைத் தூக்கிக் கொடுக்கும், டிரான்ஸ்ஆல்டோலேஸ் மூன்று கார்பனை. கொடுப்பது கீட்டோஸ் (கீட்டோன் தொகுதி உள்ள சர்க்கரை), வாங்குவது ஆல்டோஸ் (ஆல்டிஹைடு தொகுதி உள்ளது). இந்த விதி மாறாது. முதல் வரியில் கொடுப்பவர் சைலுலோஸ், வாங்குபவர் ரைபோஸ். சைலுலோஸில் மிஞ்சிய மூன்று கார்பன் கிளிசரால்டிஹைடு-3-ஃபாஸ்பேட் ஆகிறது, ரைபோஸ் ஏழு கார்பன் கொண்ட செடோஹெப்டுலோஸ்-7-ஃபாஸ்பேட் ஆகிறது. இரண்டாம் வரியில் அந்தச் செடோஹெப்டுலோஸே மூன்று கார்பனைக் கிளிசரால்டிஹைடுக்குக் கொடுத்துவிட்டு எரித்ரோஸ்-4-ஃபாஸ்பேட்டாகக் குறைகிறது. வாங்கியது ஃபிரக்டோஸ்-6-ஃபாஸ்பேட் ஆகிறது. மூன்றாம் வரியில் இன்னொரு சைலுலோஸ் இரண்டு கார்பனை எரித்ரோஸுக்குக் கொடுக்கிறது.

உள்ளே போனது மூன்று ஐந்து-கார்பன் சர்க்கரை, 15 கார்பன். வெளியே வந்தது இரண்டு ஃபிரக்டோஸ்-6-ஃபாஸ்பேட்டும் ஒரு கிளிசரால்டிஹைடு-3-ஃபாஸ்பேட்டும், அதே 15 கார்பன். இரண்டுமே கிளைக்காலிசிஸின் இடைப்பொருள்கள். முதல் பகுதி செல்லுக்குள் ஒருவழிப் போக்கு. இந்த இரண்டாம் பகுதியோ இருபக்கமும் ஓடும். தசை செல் தனக்கு வேண்டிய ரைபோஸை ஃபிரக்டோஸ்-6-ஃபாஸ்பேட்டிலிருந்து பின்பக்கமாக ஓட்டியே செய்துகொள்ள முடிவது இதனால்தான்.

தேர்வில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. ஆறு குளூக்கோஸ்-6-ஃபாஸ்பேட் உள்ளே போய் 12 என்ஏடிபிஎச்சும் 6 கார்பன் டைஆக்சைடும் தந்து, மீதி 30 கார்பனும் ஐந்து குளூக்கோஸ்-6-ஃபாஸ்பேட்டாகத் திரும்ப முடியும். கூட்டிக் கழித்தால் ஒரு குளூக்கோஸ் முழுக்க எரிந்த கணக்கு வரும். இதைப் பார்த்து ஒரே மூலக்கூறு ஆறு முறை சுற்றி எரிகிறது என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி அல்ல, ஆறு மூலக்கூறுகள் ஆளுக்கொரு கார்பனை இழக்கின்றன.

எந்தப் பக்கம் எவ்வளவு ஓட வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? – அதே மாணவர்கள்

தேவைதான். ஜி6பிடி ஓட என்ஏடிபி+ வேண்டும், என்ஏடிபிஎச் அதைத் தடுக்கும். கல்லீரல் கொழுப்பு கட்டத் தொடங்கினால் என்ஏடிபிஎச் செலவாகி என்ஏடிபி+ கூடும், உடனே வழி திறக்கும். 16 கார்பன் கொண்ட பால்மிட்டேட் ஒன்றைக் கட்ட 14 என்ஏடிபிஎச் வேண்டும். கொழுப்பு கட்ட மூலப்பொருளான அசிட்டைல் கோ-ஏ சிட்ரேட்டாக மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வரும் சுற்றில் மாலிக் நொதி மூலம் 8 வரை கிடைக்கலாம். மீதி இந்த வழித்தடத்திலிருந்து வர வேண்டும். செல் பிளந்து பெருகும்போது ரைபோஸ்தான் அதிகம் தேவை. அப்போது முதல் பகுதி நிதானமாகவே இருந்தாலும் இரண்டாம் பகுதி பின்பக்கம் ஓடி ரைபோஸைக் கொடுக்கும். என்ஏடிபிஎச்சோடு ஏடிபியும் வேண்டுமென்றால், வெளிவரும் ஃபிரக்டோஸும் கிளிசரால்டிஹைடும் திரும்பிப் போகாமல் கிளைக்காலிசிஸில் இறங்கிவிடும்.

என் கணவர் மங்களூர் பக்கம் தங்கி ஆழ்கடல் தொழில் செய்கிறார். வைவாக்ஸ் மலேரியா வந்து 14 நாளுக்குப் பிரைமாகுவின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரைக்கு முன் ஜி6பிடி ரத்தப் பரிசோதனை வேண்டும் என்கிறார் தெரிந்த நர்ஸ் ஒருவர். காய்ச்சலுக்கும் சர்க்கரை நொதிக்கும் என்ன சம்பந்தம்? – வாசகி, தூத்தூர்

அந்த நர்ஸ் சொன்னது சரி. பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்கள் மாதங்கள் கழித்தும் மீண்டும் காய்ச்சலை எழுப்பும். அந்த உறங்கும் கிருமியைக் கொல்லத்தான் பிரைமாகுவின். ஆனால் உடலில் அது மாறி உண்டாகும் பொருள்கள் சிவப்பணுவுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகளைப் பெருக்கும். சாதாரணச் சிவப்பணு இதைச் சமாளித்துவிடும்: குளூட்டாதையோன் என்ற காப்புப் பொருள் அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்கும், அந்த வேலையில் தானே ஆக்சிஜனேற்றமடையும், பிறகு குளூட்டாதையோன் ரிடக்டேஸ் என்ஏடிபிஎச்சின் துணையோடு அதைப் பழையபடி ஆக்கிவிடும்.

அந்த என்ஏடிபிஎச் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். மற்ற செல்களுக்கு அதற்கு வேறு வழிகளும் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. 120 நாள் வாழ்வுக்கும் பென்டோஸ் ஃபாஸ்பேட் வழித்தடமே கதி. உட்கரு இல்லாததால் தேய்ந்த நொதிக்குப் புதிது செய்துகொள்ளவும் முடியாது. பிறவியிலேயே ஜி6பிடி பலவீனமாக இருப்பவருக்கு, வயதான சிவப்பணுக்களில் அது ஏறக்குறையத் தீர்ந்துபோயிருக்கும். மற்ற நாட்களில் ஒன்றும் தெரியாது. மாத்திரை உள்ளே போனதும் குளூட்டாதையோன் தீரும், ஹீமோகுளோபின் உருக்குலைந்து ஹைன்ஸ் திரள்களாகச் சவ்வில் ஒட்டும், மண்ணீரல் அந்தத் திரளைப் பிய்த்தெடுக்கும், சிவப்பணுக்கள் உடையும். ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரம் கடித்தெடுத்தது போன்ற செல்கள் தெரியும்.

இந்தக் குறைபாடே பிரைமாகுவின் வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் ரத்தம் உடைகிறது என்று அமெரிக்காவில் தேடியவர்கள் ஜி6பிடி நொதியில் வந்து நின்றது 1956-ல். குமரி தமிழகத்தோடு சேர்ந்த அதே ஆண்டு.

அளவு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.25 மி.கி., தினமும், 14 நாள். 60 கிலோ உள்ளவருக்கு 15 மி.கி. குறைபாடு உறுதியானால் இந்தத் தினசரி முறை ஆகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மாற்று முறை, கிலோவுக்கு 0.75 மி.கி. வாரம் ஒரு முறை, 8 வாரம். அதுவும் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டும். கர்ப்பிணிகளுக்குப் பிரைமாகுவின் கொடுப்பதில்லை.

பரிசோதனைக்கு முன்பே மாத்திரை தொடங்கிவிட்டிருந்தால் முதல் சில நாள் மிகவும் கவனமாக இருங்கள். சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு மாறுவது, கண் மஞ்சளாவது, இடுப்பு வலி, மூச்சு வாங்குவது, திடீர் அசதி – இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடைந்த ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால் கரையேறும் வரை காத்திருக்கக் கூடாது. தங்கு கடலுக்குப் போகும் முன் இந்த மாத்திரையைத் தொடங்காமல், கரையில் இருக்கும் நாட்களில் தொடங்குவது நல்லது.

ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் அவரைக்காய் சாப்பிடக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? – வாசகர், குளச்சல்

நம் அவரைக்காய்க்கும் பயறுக்கும் தடை இல்லை. ஆபத்தானது ஃபாவா என்ற வேறு இனம். வட இந்தியாவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் சாப்பிடுவார்கள். அதிலுள்ள வைசின், கான்வைசின் என்ற பொருள்கள்தான் சிவப்பணுவைத் தாக்குகின்றன. வளைகுடாவில் வேலை செய்பவர்கள் அங்கே காலை உணவாகக் கிடைக்கும் ஃபுல் என்ற பதார்த்தத்தில் இதைச் சந்திப்பார்கள், அங்கே கவனம் தேவை.

நம் வீடுகளில் பயப்பட வேண்டியவை வேறு. துணிப்பெட்டியில் போடும் நாப்தலின் உருண்டை முதலாவது. அந்த வாசனையோடு இருக்கும் பழைய துணியில் பச்சிளம் குழந்தையைச் சுற்றுவது நிஜமாகவே ஆபத்து. கைக்குழந்தைக்கு மருதாணி இடுவதும் அப்படித்தான். மருந்துகளில் டாப்சோன், நைட்ரோஃபுரன்டாயின், ராஸ்புரிகேஸ், மெத்திலீன் புளூ ஆகியவை ஆகா. வழக்கமான அளவில் பாரசிட்டமால் பொதுவாகத் தொந்தரவு செய்யாது.

மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும்தான் எங்கள் பகுதியில் பிரதான உணவு. வைட்டமின் பி1 குறைந்தால் இந்த வழித்தடம் நின்றுவிடுமா? – அங்கன்வாடிப் பணியாளர், முட்டம்

நிற்காது, ஆனால் இரண்டாம் பகுதி திணறும். டிரான்ஸ்கீட்டோலேஸ் வேலை செய்ய தையமின் பைரோஃபாஸ்பேட் வேண்டும், அது பி1 வைட்டமினிலிருந்து வருவது. டிரான்ஸ்ஆல்டோலேஸுக்கு அது தேவையில்லை. பி1 குறைபாட்டைக் கண்டுபிடிக்கவே இந்த நொதியைப் பயன்படுத்துகிறார்கள்: சிவப்பணுவை உடைத்து டிரான்ஸ்கீட்டோலேஸின் வேகத்தை அளப்பார்கள், பிறகு தையமின் பைரோஃபாஸ்பேட் சேர்த்து மறுபடி அளப்பார்கள். வேகம் 25 சதவீதத்துக்கு மேல் கூடினால், உடலில் பி1 போதவில்லை என்று பொருள்.

மரச்சீனியில் பி1 குறைவு. அதற்காக அவித்த தண்ணீரை வடிக்காமல் விட்டுவிடாதீர்கள்; அதில் இருக்கும் சயனைடு போக வடித்தே ஆக வேண்டும். பி1 வேறு பக்கத்திலிருந்து வரட்டும். சிவப்புப் புழுங்கல் அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் நல்ல ஏற்பாடு. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கும், கஞ்சியோடு குடிப்பதால் தண்ணீரில் கரைந்ததும் வீணாகாது. தீட்டிய பச்சரிசியைப் பலமுறை கழுவி வடித்தால் இருப்பதும் போய்விடும். சில மீன்களிலும் சிப்பிகளிலும் பி1-ஐச் சிதைக்கும் தையமினேஸ் உண்டு, ஆனால் வேகவைத்தால் அது அழிந்துவிடும். மீன்குழம்பால் கெடுதி இல்லை.

அதிகம் குடிப்பவர்கள் உள்ள வீட்டில் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு பி1 உறிஞ்சப்படுவதே குறைவு. உடலில் இருப்பு சுமார் 30 மி.கி. மட்டும், சில வாரங்களில் தீர்ந்துவிடும். அந்த நிலையில் குளூக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு முற்றலாம். மயங்கிய குடிநோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள், தையமின் ஊசியையும் சேர்த்துப் போடுவார்கள்.

ரப்பர் மரத்துக்கும் இந்த வழித்தடம் உண்டா? மருந்து தடவி வெட்டியதும் சில மாதம் பால் கூடியது, இப்போது பல மரங்களில் பட்டை காய்ந்துவிட்டது. – விவசாயி, குலசேகரம்

உண்டு. ரப்பர் பால் என்பது பால்குழாய் செல்களின் சைட்டோபிளாசமே, வெட்டிய இடத்தில் வழிகிறது. பட்டைக்கு வரும் சர்க்கரைதான் ரப்பராகிறது. ரப்பர் சங்கிலியின் ஒவ்வொரு ஐந்து கார்பன் கண்ணிக்கும் மூன்று அசிட்டைல் கோ-ஏ, மூன்று ஏடிபி, இரண்டு என்ஏடிபிஎச் செலவாகும். ஆகவே சர்க்கரையை இரண்டு வகையில் பங்கிட வேண்டும்: ஒரு பங்கு ரப்பரின் கார்பனுக்கு, ஒரு பங்கு என்ஏடிபிஎச்சுக்கு.

பால் கூட்டும் மருந்தான எத்தஃபானைத் தடவினால் பால் கட்டுவது தாமதமாகும், ஓட்டம் நீளும். மரம் இழந்ததைத் திரும்பக் கட்ட வேண்டிய வேகம் கூடும். தடவும் அளவும் வெட்டும் நாளும் மீறினால் பாலில் சர்க்கரையும் தையால்களும், அதாவது குளூட்டாதையோன் போன்ற காப்புப் பொருள்களும், குறையும். ஆக்சிஜனேற்றிகள் பெருகி, பாலில் மிதக்கும் லூட்டாய்டு பைகளின் சவ்வு உடையும். பைக்குள் இருப்பது வெளியே வந்தால் பால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். வெட்டுக்கோட்டில் வறண்ட திட்டுகளாக நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

வறட்சிக்கு முன் அறிகுறி தெரியும்: பால் நீர்த்துப்போகும், உலர் ரப்பர் சதவீதம் இறங்கும், வெட்டி வெகுநேரம் கழித்தும் சொட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்தவுடன் மருந்தை நிறுத்தி, தினவெட்டு வெட்டினால் மூன்று நாளுக்கு ஒரு முறையாகக் குறையுங்கள். பாதி காய்ந்த மரத்துக்குச் சில மாதம் முழு ஓய்வு. முழுக் கோடும் காய்ந்து பட்டை பழுப்பேறிய மரத்தில் அதற்குக் கீழே தொடர்ந்து வெட்டுவது வீண் கூலி. உரம் கூட்டினால் சரியாகும் என்று யாராவது விற்க வந்தால் காசைக் கொடுக்காதீர்கள். குறைந்திருப்பது மண்ணில் அல்ல, பட்டையில்.

பச்சிலையில் இந்த வழி பகலில் நடக்குமா? – பிளஸ் டூ மாணவர், தக்கலை

பசுங்கணிகத்துக்குள் பகலில் ஜி6பிடி அணைந்திருக்கும். வெளிச்சத்தில் தையோரெடாக்ஸின் என்ற சிறு புரதம் அதை முடக்கிவிடும். ஒளிச்சேர்க்கையே என்ஏடிபிஎச் தரும்போது சர்க்கரையை எரித்து அதைச் செய்வது வீண். இருட்டியதும் நொதி விழிக்கும்.

என் அக்காள் மகனுக்குப் பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள்காமாலை ஏறி, விளக்கின் கீழ் வைத்தார்கள். ஜி6பிடி குறைவு என்று அறிக்கை வந்தது. எனக்கும் சோதனை வேண்டுமா? எனக்கு ஒருமுறை ரத்தம் உடைந்தபோது சோதித்து "இயல்பு" என்றார்கள். – வாசகர், திங்கள்நகர்

வேண்டும். அந்தப் பழைய அறிக்கையை நம்ப முடியாது. ரத்தம் உடையும்போது நொதி தீர்ந்த வயதான செல்கள்தான் முதலில் போகின்றன. மிஞ்சுபவையும் புதிதாக வருபவையும் இளஞ்செல்கள், அவற்றில் நொதி அதிகம். அந்த நேரத்தில் குறைபாடு உள்ளவருக்கும் "இயல்பு" என்று வர வாய்ப்புண்டு. ரத்தம் ஏற்றியிருந்தால் இன்னும் குழப்பம், அளப்பது கொடுத்தவரின் நொதியை. உடைப்பு அடங்கி மூன்று மாதம் கழித்து எடுப்பதே சரி.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு வருவது தாயிடமிருந்து, ஆகவே உங்கள் அக்காள் குறையுள்ள ஒரு பிரதியையாவது சுமக்கிறார். அவருக்கு அது வந்தது உங்கள் அம்மாவிடமிருந்து என்றால் உங்களுக்கும் பாதி வாய்ப்பு உண்டு. இந்தியாவில் அதிகம் காணும் வகைகளில் மெடிட்டரேனியன், ஒரிசாவோடு கேரளா–கல்யாண் என்ற வகையும் ஒன்று. அதில் நொதியின் புரதச் சங்கிலியில் 317-வது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் உட்கார்ந்திருக்கும்.

உங்களுக்கு ஒளிர்புள்ளிச் சோதனை போதும்: ஒரு துளி ரத்தத்தில் குளூக்கோஸ்-6-ஃபாஸ்பேட்டும் என்ஏடிபி+ உம் சேர்த்து, வடிதாளில் வைத்துப் புறஊதா விளக்கில் பார்ப்பார்கள். என்ஏடிபிஎச் உண்டானால் ஒளிரும். நொதி குறைந்தால் மங்கியே கிடக்கும். அக்காளுக்கு அது போதாது. பெண்களுக்குச் சில செல்களில் நல்ல பிரதியும் சிலவற்றில் குறையுள்ள பிரதியும் வேலை செய்வதால், பாதி அளவு நொதி இருந்தாலும் புள்ளி ஒளிர்ந்துவிடும். அவருக்கு நொதியை எண்ணில் அளக்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் அறிக்கையை நகல் எடுத்துத் தடுப்பூசி அட்டையோடு வைத்து, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் காட்டச் சொல்லுங்கள்.